கரிசல் நாட்டுத் தேவராட்டம்

தமிழகத்தின் தென்பகுதியில், கோவில்பட்டியை நடுவிடமாகக் கொண்டு, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, சாத்தூர் முதலிய ஊர்களைத் தழுவிப் பரந்து கிடப்பது கரிசற் காடு. ஆறு பாய்ந்து வளம் பெருக்கும் நிலம் அன்று அது. வானம் பார்த்த பூமி. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் அளவே அங்கு மழை பெய்யும். அம்மழையிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவதாகும். மழை பெய்யுங்கால் கரிசல் மண் நீரை உண்டு பருத்துக் காலில் ஒட்டிக்கொள்ளும். வெயில் காயுங்கால் சுருங்கிப் பிளந்து கைநுழையும் வெடிப்புக் காட்டும். எனினும் உண்ட நீரை நெடுநாள் தன்னகத்தே காத்து வைக்கும் இயல்பு அம்மண்ணுக்கு உண்டு. அதனாலேயே கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் அங்கு விளைகின்றன. கருங்கண்ணி என்னும் பருத்தி அந்நிலத்திற்கே உரிய பழஞ்செல்வம் ஆகும்.

இத்தகைய வறண்ட மண்ணிலே எழில்மிக்க ஆடற்கலை ஒன்று தழைத்திருத்தல் வியப்பன்றோ? பாட்டு இல்லை, கதை இல்லை, மேடை இல்லை. ஒரு தோற்கருவியின் முழக்கமும், கால்களிற் கட்டிய சலங்கையின் ஒலியும், கைகளிற் பிடித்த துணியின் வீச்சுமே அதன் உடைமைகள். அக்கலையே தேவராட்டம் எனப்படுவது.

ஆடும் மக்கள்

தேவராட்டத்தைத் தம் குலச் செல்வமாகப் போற்றி வருவோர் இராசகம்பளத்து நாயக்கர் ஆவர். இவர்தம் முன்னோர் விசயநகரப் பேரரசின் காலத்தையொட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறினர். இன்றும் இம்மக்களுள் பலர் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவர். மதுரை நாயக்கர் ஆட்சியில் 16-ஆம் நூற்றாண்டில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டபோது, அவற்றுட் சில இம்மரபினர் வசமாயின. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அவற்றுட் புகழ் வாய்ந்தவை. ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்து நின்று, 1799-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டியக் கட்டபொம்மன் இம்மரபிற் பிறந்தவரே.

பாளையங்கள் மறைந்தன; கோட்டைகள் இடிந்து மண்ணாயின. பாளையக்காரர் பலர் இருந்த இடமும் தெரியவில்லை. ஆயினும் அவர்தம் குடிமக்கள் ஆடிய ஆட்டம் அழியாமல் நின்றது. கல்லால் எழுப்பியது சாய, காலால் எழுப்பியது நிலைத்தது எனலாம்.

வேற்று நிலத்திலிருந்து கரிசலுக்கு வந்து காடு திருத்திக் குடியமர்ந்த தெலுங்கு மக்களின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுத்தில் வடித்தவர் கி. இராசநாராயணன் ஆவார். கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள இடைசெவலில் தோன்றிய அவ்வெழுத்தாளர், ‘கோபல்ல கிராமம்’ என்னும் புதினத்தை 1976-இல் வெளியிட்டார். இராசகம்பளத்தாரின் வேறான மற்றொரு பிரிவினரைப் பற்றியதே அந்நூல். எனினும் புதிய மண்ணை ஒரு மக்கட்கூட்டம் எவ்வாறு தன் மண்ணாக்கிக் கொள்கிறது என்பதை அது நன்கு விளக்கும். ஏட்டில் எழுத்து செய்யும் அப்பணியை ஆட்டமும் செய்கிறது. தாம் எங்கிருந்து வந்தவர், யாவர் என்பதைக் கம்பளத்தார் தம் கால்களால் எழுதி வைத்தனர்.

பெயரும் கருவியும்

தேவர் ஆடிய ஆட்டம் ஆதலின் தேவராட்டம் எனப் பெயர் பெற்றது என்பது இம்மக்களின் நம்பிக்கை. ஆட்டத்திற்கு முழங்கும் கருவியைத் தேவதுந்துபி என்று அவர்கள் போற்றுவர். வானுலகில் தேவர்கள் முழக்கும் முரசினைத் துந்துபி என்று பழைய காப்பியங்கள் கூறும். ஆகவே, ஆட்டத்தின் பெயரும் கருவியின் பெயரும் ஒரே நம்பிக்கையிலிருந்து தோன்றியவை எனத் தெளியலாம்.

துந்துபி என்று சிறப்பித்துச் சொல்லப்படும் இக்கருவி உறுமி இனத்தைச் சார்ந்தது. இடை சுருங்கி, இருபுறமும் தோல் போர்த்த முகங்களை உடையது உறுமி. அதன் ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பர். மற்றொரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பர். தேய்க்குந்தோறும் விலங்கு உறுமுவது போன்ற ஓசை பிறக்கும். உறுமி என்னும் பெயர்க்காரணம் இதுவே. அடியோசை ஆடுவோரின் காலுக்குக் கட்டளையிடும். உறுமலோசை அவர்தம் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்யும்.

உறுமியின் ஓசை அடங்கித் தொடங்குவது. சிறிது சிறிதாக உயர்வது. தொலைவிலுள்ள ஊர்களுக்கும் அது கேட்கும். மரஞ்செடிகள் மிகுதியாக இல்லாத கரிசல் வெளியில் அவ்வோசையைத் தடுப்பதற்கு யாதுளது? இரவில் உறுமி முழங்கின், இன்ன ஊரில் விழா என்று சுற்று வட்டாரத்தார் அறிந்துகொள்வர்.

ஆடும் முறை

தேவராட்டம் மரபுப்படி ஆடவர் ஆடுவதாகும். எட்டுப் பேர் முதல் பதின்மூவர் வரை சேர்ந்து ஆடுவது வழக்கம் என்பர். ஊர்த் திருவிழாக்களில் அதனினும் மிகப் பலர் கூடி ஆடுவதுண்டு. ஆடுவோர் வரிசையாக நிற்பர். வரிசையின் தலைப்பில் நிற்பவர் ஆட்டத்திற் கைதேர்ந்தவர். அவர் முதலில் ஓர் அடவைத் தொடங்குவார். அடுத்தவர் அதனைப் பின்பற்றுவார். அவ்வாறே வரிசை முழுவதும் அவ்வடவு பரவும். அனைவரும் ஒன்றாக இயங்கத் தொடங்கியதும், உறுமி அடுத்த அடவுக்குரிய தாளத்திற்கு மாறும்.

முன்னே சென்று பின்வாங்குதல், இடமும் வலமும் சாய்தல், குனிந்து நிமிர்தல், சுழன்று திரும்புதல், மண்டியிட்டு எழுதல், துள்ளிப் பாய்தல் ஆகிய அசைவுகள் பலவாறு இணைந்து அடவுகள் ஆகின்றன. அடவுகளின் தொகை ஊருக்கு ஊர் வேறுபடும். முப்பத்திரண்டு என எண்ணுவோரும், அதனினும் மிகுதியாக எண்ணுவோரும் உளர். தொடக்கத்தில் அடவுகள் அமைதியாகவும் அகன்றும் இருக்கும். நேரம் செல்லச் செல்லத் தாளம் விரையும். முடிவில் காலும் கையும் கண்ணும் ஒருசேரச் சுழன்று, காண்போரும் தம்மை அறியாது காலசைக்கும் நிலையை எய்தும்.

இவ்வாட்டத்தில் பாட்டு இல்லை என்பது கருதத்தக்கது. நாட்டுப்புற ஆடல்களுள் பெரும்பாலானவை பாட்டைத் துணையாகக் கொண்டவை. கும்மிக்குப் பாட்டு உண்டு. கோலாட்டத்திற்குப் பாட்டு உண்டு. ஒயிலாட்டத்திற்கும் பாட்டு உண்டு. கம்பளத்தாரிடையே வழங்கும் மற்றோர் ஆடலாகிய சேவையாட்டமும் திருமால் புகழும் இராமர் கதையும் பாடி ஆடப்படுவதே. தேவராட்டம் ஒன்று மட்டும் சொல்லைத் துறந்து தாளத்தையே நம்பி நிற்கிறது. சொல் இன்மையால், தமிழ் அறிந்தாரும் தெலுங்கு அறிந்தாரும் இரண்டும் அறியாதாரும் ஒரு நிகராக அதனைச் சுவைக்க இயலும். ஆனால் அதே காரணத்தால் அக்கலைக்கு ஓர் இடையூறும் உண்டு. பாட்டாயின் ஏட்டில் எழுதி வைக்கலாம். மறந்தவர் படித்து நினைவுகூரலாம். அடவையோ ஆடிக் காட்டியே கற்பித்தல் வேண்டும். ஆடுவார் ஒருவர் மறைந்தால் அவரோடு அவர் அறிந்த அடவும் மறையும்.

உடையும் அணியும்

இவ்வாட்டத்தின் பழைய உடை எளியது. வெண்ணிற வேட்டியை ஆட்டத்திற்கு ஏற்றவாறு இறுக்கிக் கட்டுவர். தலையில் பாகை அணிவர். இடையில் துணி சுற்றுவர். கால்களில் சலங்கை பூணுவர். இரு கைகளிலும் துணி பிடிப்பர். பருத்தி விளையும் நாட்டார்க்கு வெண்துகிலினும் சிறந்த விழாவுடை வேறு யாது?

கைத்துணி வெறும் அழகுக்காக அமைந்ததன்று. கை வீசுங்கால் துணியும் வீசப்பட்டு, கையின் நீளம் இருமடங்காகத் தோன்றும். ஊர்ப் பொதுவிடத்தில் மங்கிய ஒளியில் ஆடியபோது, தொலைவில் நிற்போர்க்கு ஆடுவோரின் முகம் தெரியாது. ஒரே நேரத்தில் மேலெழுந்து தாழும் துணிகளின் வரிசை தெளிவாகத் தெரியும். எவரேனும் தாளம் தவறினால் அவர் கைத்துணியே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே, அது அணிகலனாக இருப்பதோடு அளவுகோலாகவும் இருக்கிறது. சலங்கையும் அத்தகையதே. பல கால்கள் ஒரே நொடியில் மண்ணை மிதித்தால் ஒரே ஒலி எழும். ஒரு கால் பிந்தினும் ஒலி சிதறும். கண்ணுக்குத் துணியும் காதுக்குச் சலங்கையும் காவலாக நிற்கின்றன.

இக்காலத்தில் மேடையேறும் குழுவினர் சிவப்பு, மஞ்சள், பச்சை முதலிய நிறங்களிற் பாகையும் இடைக்கச்சையும் அணிகின்றனர். ஒளிவிளக்குகளின் முன் அவ்வண்ணங்கள் கண்ணைக் கவர்கின்றன. கரிசலில் வழங்கும் பிற ஆடல்களாகிய கரகம், பொய்க்கால் குதிரை முதலியவற்றின் வண்ணங்களோடு போட்டியிட வேண்டிய நிலையும் இம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகலாம். உடை மாறுதல் குற்றமன்று. எந்தக் கலையும் ஒரே உடையில் என்றும் நின்றதில்லை. ஆயின் வண்ணம் ஏறும்போது அடவு குறையுமானால், அது கலைக்கு இழப்பே.

விழாக்களும் வாழ்வும்

தேவராட்டம் கோயில் விழாக்களிலும் திருமண நிகழ்ச்சிகளிலும் ஆடப்படும். இராசகம்பளத்தார் திருமணத்தில் பச்சைத் தழைகளால் வேய்ந்த குடில்கள் அமைத்து மணமக்களை இருத்துதல் பழைய வழக்கம். தென்னிந்திய மக்களின் வழக்கங்களைத் தொகுத்த எட்கர் தர்ஸ்டன் என்பார் 1909-இல் வெளியிட்ட நூலிலும் இவ்வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. காட்டு வாழ்வின் நினைவைத் தழைக்குடில் காத்து நிற்பது போல, குலத்தின் நினைவை ஆட்டம் காத்து நிற்கிறது.

பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறுகின்றது. பல ஊர்களிலிருந்தும் மக்கள் சுடரேந்தி ஓடி வந்து அங்குக் கூடுவர். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பழைய கோட்டை இருந்த இடத்திற்கு அருகே 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது. அத்தகைய விழாக்களில் தேவராட்டம் ஆடப்படும்போது, அது பொழுதுபோக்கு என்னும் அளவில் நில்லாது, முன்னோரை நினைந்து செய்யும் வழிபாடாகவே அமைகிறது.

கரிசலில் விழாக்களுக்கும் வேளாண்மைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுவடை. அதன்பின் நிலம் வெடித்துக் கிடக்கும் கோடையில் உழவர்க்கு ஓய்வு. அவ்வோய்வுக் காலத்திலேயே பங்குனிப் பொங்கலும் சித்திரைக் கொடையும் வைகாசி மணங்களும் நிகழ்கின்றன. களத்திற் கூலம் குவிந்திருந்தால் விழாவில் உறுமி முழங்கும். மழை பொய்த்த ஆண்டில் அதன் ஓசை மெலிந்திருக்கும். எனவே, ஆட்டத்தின் செழுமை வானத்தின் கையில் இருந்தது.

ஒப்பு நோக்கல்

குழுவாகக் கைகோத்தும் வரிசையாக நின்றும் ஆடுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. குரவை, துணங்கை ஆகிய கூத்துகளைச் சங்க நூல்கள் குறிப்பிடுகின்றன. போரில் வென்ற மன்னனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடும் குரவையைத் தொல்காப்பியம் புறத்திணையுட் கூறுகிறது. முன்தேர்க் குரவையின் எச்சமே தேவராட்டம் என்று கருதுவோரும் உளர். எனினும் இரண்டு ஆடல்கள் ஒத்திருத்தல் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றுதல் வேறொன்று. தெலுங்கு நாட்டிலிருந்து வந்த மக்கள் தம்முடன் கொணர்ந்ததையும், தமிழ்நாட்டில் தாம் கண்டதையும் கலந்தே இவ்வடிவைச் சமைத்திருத்தல் கூடும். நீண்ட நாள் ஒருங்கு வாழ்ந்தாரின் கலைகளில் இது எவருடையது என்று கோடு கிழித்தல் எளிதன்று.

கடல் கடந்த நாடுகளை நோக்கினும் இத்தகைய ஆடல்களைக் காணலாம். பசிபிக்குப் பெருங்கடலின் தென்மேற்கே, ஆத்திரேலியாவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் அமைந்த தீவுத் தொகுதிக்கு மெலனேசியா என்பது பெயர். பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூகலிடோனியா, பிஜி ஆகியவை அதனுள் அடங்கும். பப்புவா நியூகினி ஒன்றில் மட்டும் எண்ணூறுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அந்நாட்டின் மலைப்பகுதியில் உள்ள கோரோக்கா என்னும் ஊரில் 1957-ஆம் ஆண்டு தொடங்கிய விழாவில், பல்வேறு குடியினர் தத்தம் முறைப்படி ஒப்பனை செய்துகொண்டு ஆடுகின்றனர். பறவை இறகுகளால் ஆகிய முடிகள், சங்கும் சிப்பியும் கோத்த மாலைகள், மண்ணாலும் வண்ணத்தாலும் தீட்டிய முகங்கள் ஆகியவற்றைக் கொண்டே இவர் இன்ன குடியினர் என்று அறிய இயலும். மெலனேசிய நாடுகள் அனைத்தும் ஒன்றுகூடும் கலைவிழா 1998-இல் சாலமன் தீவுகளின் தலைநகராகிய ஓனியாராவில் தொடங்கி, ஒவ்வொரு நாட்டிலும் மாறி மாறி நடைபெற்று வருகிறது. 2023-இல் அது வனுவாட்டில் நடைபெற்றது.

பிஜித் தீவினரின் மெக்கே என்னும் ஆடலில், ஒருவகை முசுக்கட்டை மரத்தின் பட்டையைத் தட்டித் துணியாக்கி, அதன்மேல் கோலம் தீட்டி, உடையாக அணிவர். தம் மண்ணில் வளர்ந்ததையே உடுத்தித் தம் முன்னோரைப் போற்றி ஆடும் அவர்க்கும், பருத்தித் துகில் உடுத்தி ஆடும் கரிசலார்க்கும் இடையே கடல் பல ஆயிரம் கல் அகன்று கிடப்பினும், உள்ளத்தால் அவர்கள் அண்மையில் உள்ளவரே.

கரிசலுக்கும் பிஜித் தீவுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1903-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னாட்டு மக்கள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்குப் பெண்கள் பட்ட துன்பத்தைக் கேட்டு நெஞ்சம் உருகிப் பாடியவர், எட்டயபுரத்திற் பிறந்த பாரதியாரே. அங்ஙனம் சென்றவர்கள் பொருள் ஏதும் எடுத்துச் செல்ல வழியற்றவர்கள். ஆயினும் காவடியையும் தெருக்கூத்தையும் தம் நினைவிற் சுமந்து சென்றனர். 1926-இல் அவர்கள் நிறுவிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்தி வருகிறது. தெலுங்கு நாட்டிலிருந்து கரிசலுக்கு வந்தவர்க்கும், தமிழ்நாட்டிலிருந்து பிஜிக்குச் சென்றவர்க்கும், உடைமை இழந்த நிலையிலும் இழவாத உடைமையாக இருந்தது கலையே என்பது இதனால் விளங்கும்.

மாறிவரும் நிலை

கரிசல் வாழ்க்கை இன்று பெரிதும் மாறிவிட்டது. தீப்பெட்டித் தொழிற்கூடங்களும் நூல் ஆலைகளும் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்று அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியது. இளைஞர் பலர் வேலை தேடிப் பெருநகரங்களுக்குச் செல்கின்றனர். வேளாண்மையின் ஓய்வுக் காலம் எல்லார்க்கும் ஒரே காலமாக இருந்தது. ஆலையின் ஓய்வு நேரமோ ஆளுக்கு ஆள் வேறு. பன்னிருவர் ஒருங்கு கூடி ஆட வேண்டிய ஆட்டத்திற்கு, அப்பன்னிருவரும் ஒரே மாலையில் ஊரில் இருத்தலே அரிதாகிவிட்டது.

மற்றொருபுறம், ஊருக்குள் நின்ற ஆட்டம் உலகினர் காணும் மேடைகளை அடைந்துள்ளது. தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி இக்கலையாற் பெயர் பெற்ற ஊர். நாட்டுப்புறக் கலைகளை ஆராயும் முயற்சிக்கு நெல்லைச் சீமையில் வழிகோலியவருள் நா. வானமாமலை முதன்மையானவர். அவர் 1969-இல் ‘ஆராய்ச்சி’ என்னும் இதழைத் தொடங்கினார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைத் தனித் துறையாகவே வளர்த்தது. தமிழக அரசு 2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு நடத்திவரும் கலைத் திருவிழாவில் கிராமிய ஆடல்களும் இடம் பெறுகின்றன. ஆடவர் மட்டுமே ஆடிய தேவராட்டத்தைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்று பெண்களும் கற்று ஆடுகின்றனர். ஒரு குலத்தாரின் செல்வம் அனைவர்க்கும் பொதுவாதல் நன்றே. பகிர்ந்தால் குறைவது பொருள். பகிர்ந்தால் வளர்வது கலை.

எனினும் இவ்வளர்ச்சியின் நடுவே ஓர் ஐயம் எழாமல் இல்லை. ஊர் மந்தையில் இரவெல்லாம் நிகழ்ந்த ஆட்டம், மேடையில் ஏழெட்டு நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியதாகிறது. அவ்வாறு சுருக்குங்கால் முதலில் விடப்படுவன யாவை? மெல்ல நிகழும் தொடக்க அடவுகளே. விரைந்து துள்ளும் இறுதி அடவுகளுக்கே கைதட்டல் மிகுதி. ஆதலின் புதிதாகக் கற்பவர் இறுதியை மட்டும் கற்று, தொடக்கத்தை அறியாமலே போகக்கூடும். விதை முளை விடாமல் கதிர் முற்றாது. அதுபோல, மென்மையிலிருந்து வளர்ந்து வரும் விரைவுக்கே தேவராட்டத்தில் பொருள் உண்டு.

உறுமிக்கு மாற்றாகப் பதிவுசெய்த இசையை ஒலிக்கச் செய்து ஆடுவோரும் உளர். செலவு குறைவு, ஆள் தேட வேண்டியதில்லை. ஆனால் உறுமியை முழக்குவோர் ஆடுவோரின் காலைக் கண்டு தாளத்தை ஏற்றுவார். அவர் களைப்பறிந்து தாளத்தைத் தணிப்பார். ஆட்டமும் முழக்கமும் ஒன்றையொன்று கேட்டு மறுமொழி கூறும். பதிவுசெய்த இசை பேசும், கேட்காது. உறுமி இசைப்போர் இல்லையேல், தேவராட்டத்தின் உருவம் எஞ்சும், உயிர் எஞ்சாது.

இக்கலை கற்பிக்கப்பட்ட முறையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதற்கெனப் பள்ளி இல்லை; பாடநூல் இல்லை; கட்டணமும் இல்லை. ஆடும் வரிசையின் கடைசியிற் சிறுவர் நிற்பர். முன்னே நிற்பவர் காலைப் பார்த்துத் தம் காலை வைப்பர். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறுவன் வரிசையில் முன்னேறுவான். ஒருநாள் தலைப்பில் நின்று அடவு தொடங்கும் தகுதியை அடைவான். வரிசையே வகுப்பறை, முன்னவர் முதுகே கரும்பலகை. ஒருவன் தவறினால் பிறர் நகைத்து ஒதுக்குவதில்லை. அடுத்த சுற்றில் அவன் திருத்திக்கொள்ள இடம் உண்டு. அம்முறையில் பணிவும் பொறுமையும் ஒற்றுமையும் சொல்லாமலே கற்பிக்கப்பட்டன.

செய்ய வேண்டுவன

ஆகவே, தேவராட்டத்தைக் காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நுண்ணிய கவனமே வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் வழங்கும் அடவுகளையும் அவற்றின் பெயர்களையும் தாளங்களையும், முதியோர் உள்ளபோதே முழுமையாகப் படம் பிடித்து வைத்தல் வேண்டும். மேடையில் ஆடுங்கால், அஃது எந்த ஊர் ஆட்டம், உறுமி முழக்குவோர் யாவர் என்பதை அவையோர்க்கு அறிவித்தல் வேண்டும். கற்பிக்கும் பள்ளிகள் இறுதி அடவோடு நில்லாது முதல் அடவிலிருந்து கற்பித்தல் வேண்டும். உறுமி பயில விரும்பும் சிறுவர்க்கு ஆடல் பயில்வோர்க்கு நிகரான மதிப்பளித்தல் வேண்டும்.

கோவில்பட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிற் கோடைக் காலத்து மாலையில் இன்றும் உறுமி முழங்குவதுண்டு. வெண்துணிகள் ஒன்றாய் எழுந்து ஒன்றாய்த் தாழும். சலங்கைகள் ஒரே குரலில் ஒலிக்கும். முதியவர் வரிசையின் தலைப்பில் நிற்பார். கடைசியில் ஒரு சிறுவன் அவர் காலையே உற்று நோக்கி நிற்பான். அவ்விருவர்க்கும் இடையே வரிசை அறுபடாமல் இருக்கும் வரையில், கரிசல் மண்ணில் தேவராட்டம் வாழும்.